நாற்பத்தேழாவது ஓட்டம்

நாரஹேன்பிட்டவில் மூன்றாம் மாடி.
இரவு ஒன்பதே கால்.
திரையில் ஒரு நீர்த்தேக்கம்,
நனைக்காத நீர்.
பதினெட்டாயிரம் முக்கோணங்களாய் வெட்டி வைத்திருக்கிறேன்,
ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆழம், ஒரு வேகம்,
ஒரு பிடி சேறு.

அணை கட்டியவர்கள் நூறு வருசம் என்றார்களாம்.
முப்பத்தெட்டில் பாதி தூர்ந்துவிட்டது.
அடிமதகைத் திறக்கலாமா,
திறந்தால் எத்தனை மணி நேரம்,
எவ்வளவு சேறு போகும், எது போகாது?
ஆற்றிடம் கேட்டால்
ஒருமுறைதான் பதில் சொல்லும்.
ஆகவே என்னிடம் கேட்கிறார்கள்.

நாற்பத்தாறு முறை திறந்தாயிற்று.
மூன்றாம் ஓட்டத்தில் நீர் மலையேறியது.
பதினொன்றில் மதகின் வாயில் ஒரு தீவு முளைத்தது.
இருபத்தொன்பதில் ஒரேயொரு முக்கோணம்
ஒளியை முந்தப் பார்த்து
மற்ற எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு செத்தது.
"உன்ர ஆறு குடிச்சிருக்கு" என்றான் இம்தியாஸ்,
கொத்துப் பார்சலைப் பிரித்தபடி.

எனக்கு வேண்டியது ஓர் எண்.
நீர் எவ்வளவு உரசினால்
சேறு தன் பிடியை விடும்?
புத்தகத்தில் ஒன்று இருக்கிறது,
யாரோ ஐரோப்பியக் குளிரில் அளந்தது.
அதைப் போட்டால் எல்லாம் அழகாய்க் கழுவுண்டு போகிறது.
அறிக்கைக்கு நல்ல படம்.
கல்தேரா சேருக்கு அது போதும்.

போன செவ்வாய்க்கிழமை
கோட்டை புகையிரத நிலையப் பார்சல் கந்தோரில்
கையெழுத்து வைத்து எடுத்தேன்:
ஜாம் போத்தல்கள் ஆறு,
டேப் சுற்றி,
அணை அவதானிப்பாளர் சுமணபாலவின் கோணல் எழுத்தில்
ஆழமும் திகதியும்.
நாலாவதின் மூடியைத் திருகியதும் அறை முழுக்க வாடை.
அழுகல் முட்டை, இரும்பு,
பிறகு, சற்றுத் தாமதமாய், தேயிலை.

கவிழ்த்தேன், விழவில்லை.
அடியில் தட்டினேன்.
குழல் பிட்டுப் போல
போத்தலின் உருவிலேயே வந்து தட்டில் நின்றது.
விலாவில் ஒரு குச்சி.
கவ்வாத்துக் கத்தி சாய்த்து வெட்டிய முனை
இன்னும் மழுங்கவில்லை.
எந்த மலை, யார் கை,
கான் வெட்ட ஆளில்லாத எந்த மழைக்காலம்,
அவற்றுக்கு மாதிரியில் கட்டம் இல்லை.
எல்லாம் சேர்த்து "உள்வரும் வண்டல்",
ஒரே வளைகோடு.

வண்டல் என்றால் சேறு மட்டுமில்லை.
பழந்தமிழில் அது
பெண்பிள்ளைகள் மணலில் வீடு கட்டும் விளையாட்டுக்கும் பெயர்.
சரிதான்.
கட்டுகிறேன். அலை வருகிறது.
கட்டுகிறேன்.

ஐந்து போத்தல்கள் மொரட்டுவை ஆய்வுகூடத்துக்குப் போயின.
நாலாவது என் மேசையிலேயே,
ஈரத்துணி போர்த்திக்கொண்டு.
இன்று மத்தியானம் எண் வந்தது:
புத்தகம் சொன்னதைப்போல் நாலு மடங்கு.

போட்டேன்.
திரையில் மூன்றாம் நாள், பதினேழாம் மணி.
மதகு திறக்கிறது.
தேக்கத்தின் நடுவே ஒரு வாய்க்கால் மட்டும்
அறுத்துக்கொண்டு போகிறது.
இரு கரையிலும் சேறு
சம்பளம் கேட்டு வந்தவர்களைப் போல
அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.
கீழே, குடிநீர் எடுக்கும் இடத்தில்,
நாலு மணி நேரம் சிவப்பு.
அதற்குள் நீந்துகிறவற்றை
நான் வரையவில்லை.

அறுபத்துமூன்று வீதத்தில் கரண்ட் போனது.

ஜன்னலில் நாரஹேன்பிட்ட இல்லை.
மேசைக்கடியில் பட்டரி கீச்சிட்டது,
ஐந்து நிமிடம், பிறகு அதுவும் இல்லை.
மலையில் நீர் குறைவாம்,
இன்று எங்கள் வலயத்தின் முறை.
இம்தியாஸ் சிரித்துவிட்டு, நிறுத்தி,
திரும்பவும் சிரித்தான்.

திங்கட்கிழமை சேருக்கு எந்தப் படம்?
தெரியும். கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

துணியை எடுத்தேன்.
கோப்பையில் ஆறிப்போன தேத்தண்ணி மீதியிருந்தது.
மேட்டின் உச்சியிலிருந்து, மெதுவாக,
ஊற்றினேன்.

இம்தியாஸ்,
அந்த ஃபோன் வெளிச்சத்தைக் கொஞ்சம் இப்படிப் பிடி.
நடுவில் ஒரு கோடு விழுந்திருக்கிறதா?
மற்றது?